திரும்பி வந்த கட்டுச்சோறு

நம் கோயில் பண்டிகையில் என் அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை பேசப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். உபதேசியார் பெண்சாதியாக அந்தச் சின்ன சபையில் அவள் பட்ட பாட்டை யாராவது சொல்லத்தான் வேண்டும். நம் பழைய வாத்தியாரின் பேரன்தான் பேசுகிறானாம். ‘இந்த ஊர்ப் பெண்களின் காதுக்கு விடுதலை கொடுத்த அம்மையார்’ என்று ஆரம்பிக்கப் போகிறானாம். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் எல்லாரும் என்னோடு அந்தத் தெருப் புழுதியில் புரண்டவர்கள்தான். ஆனாலும் நம் வயதில் பல்லோடு சேர்ந்து ஞாபகமும் கொஞ்சம் விழுந்துவிடுகிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

சீமையில் முதல் பெரிய சண்டை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே, வாய்க்கால் ஓரத்தில் நம் தெரு. ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். தெருவில் பாதி வீடு ஞானஸ்நானம் எடுத்த வேதக்காரர், பாதி வீடு மற்றவர். யார் எந்தப் பக்கம் என்று பெண்களின் காதைப் பார்த்தே சொல்லிவிடலாம். மற்ற வீட்டுப் பெண்களுக்குக் காது தோளைத் தொடும். பெண்பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் காதைக் கீறிப் பஞ்சு திணித்து, பிறகு ஈயக் குணுக்கு மாட்டி, கனத்தைக் கூட்டிக் கூட்டி இழுத்து வளர்ப்பார்கள். வளர்ந்த காதில் பாம்படம் தொங்கும். அரக்கின்மேல் தங்கத்தகடு போர்த்திய நகை அது. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்கிறார்கள்.

வேதக்கார வீட்டில் பிறந்த பெண்களுக்குக் காதில் ஒரு துளைகூடக் கிடையாது. அம்மா போர்டிங் பள்ளிக்கூடத்தில் படித்தவள். காது வளர்ப்பது அஞ்ஞானக் காரியம் என்று அங்கே இருந்த வெள்ளைக்கார மிசியம்மாள் சொல்லிக் கொடுத்திருந்தாள். அம்மா அதைப் பத்துக் கட்டளைக்குப் பக்கத்திலேயே பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

வெற்றிலைக்காரப் பெரியம்மையை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொடிக்காலிலிருந்து ஈரச்சாக்கு போர்த்திய கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வருவாளே, அவள்தான். அவள் தெருமுனையில் திரும்பும்போதே பாம்படம் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்கும். பெரிய சத்தமில்லை, கிளிஞ்சலைக் கையில் வைத்துக் குலுக்கினால் வருமே, அவ்வளவுதான். கூடையை இறக்கி வெற்றிலை அடுக்கும்போது நான் அவள் பின்னால் போய் நின்று பாம்படத்தை ஒரு விரலால் தள்ளிவிடுவேன். அது ஆடி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் தலையைத் திருப்பாமலே, “ஏட்டி, காது வலிக்குட்டி” என்பாள். விலக்கிவிட மாட்டாள். துளையில்லாத என் காதை நினைத்து எனக்கு அப்போது அழுகை அழுகையாக வரும். இதை அம்மாவிடம் சொன்னால் முதுகுத்தோல் உரிந்துவிடும் என்பதால் சொல்லவில்லை.

அவள் நம் கோயிலுக்கு வந்தது அப்பாவால். அவள் புருஷன் வாந்திபேதியில் விழுந்தபோது சொந்தக்காரர்கள் தெருப்பக்கமே தலை காட்டவில்லை. அப்பா போய் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, அந்த மனிதர் கண்மூடிய பிறகு ஆள் சேர்த்து அடக்கமும் செய்தார். துக்கம் கழிந்ததும் அவள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். உபதேசியாரை அந்த வீட்டுக்குள் அனுப்பிய சாமி எதுவோ அதுதான் இனிமேல் தனக்கும் சாமி என்றாள். 

ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்கிறவர்களுக்கு அம்மா சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுப்பாள். பெரியம்மைக்கு எழுத்து தெரியாது. பரமண்டல ஜெபத்தை வெற்றிலையில் வைத்துப் படித்தாள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வெற்றிலை அடுக்குவாள். ஒன்றை விட்டுவிட்டால் கடைசியில் கையில் ஓர் இலை மிஞ்சும். சிரித்துக்கொண்டே முதலிலிருந்து தொடங்குவாள். இன்றைக்கும் நான் அந்த ஜெபத்தைச் சொல்லும்போது மூக்கில் பச்சை வெற்றிலை வாடை அடிக்கிறது. மற்றவர்களைவிட அவள் சீக்கிரம் படித்தாள். அம்மாவுக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் பெருமை பிடிபடாது.

அந்தப் பெருமையில்தான் எல்லாம் வந்தது.

அதற்கு முன்னால் சபையில் சேர்ந்த மூன்று நான்கு பெண்கள் பாம்படத்தைக் கழற்றினார்களே தவிர காதைத் தொட விடவில்லை. வெறுங்காது கோயிலில் தொங்கிக்கொண்டிருப்பது அம்மாவுக்குக் கண்ணில் விழுந்த தூசி மாதிரி இருந்தது. பெரியம்மை எல்லாரும் மதிக்கிற பெண். தொங்கும் தோலை அறுத்துவிட்டு அவள் காதைத் தைத்துக்கொண்டால் மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள் என்று அம்மா கணக்குப் போட்டாள். அந்த வருஷம் மிசியம்மாள் நம் ஊரைப் பார்க்க வருவதாக வேறு இருந்தது.

ஒருநாள் பாடம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு அம்மா பேச்சை எடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாழைநாரில் பூக் கட்டிக்கொண்டிருந்தேன்.

“புது மனுஷியா ஆவப் போறிய அக்கா. பழைய காத வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறிய? தைச்சிருங்க.”

பெரியம்மை பாம்படம் இரண்டையும் கையில் ஏந்திக்கொண்டாள். கனம் தாங்காதபோது அப்படித்தான் பிடித்துக்கொள்வாள்.

“எம் மவ மாசமா இருக்கால்லா அம்மா. தலைப்பிள்ள. கட்டுச்சோறு கொண்டுபோயி நான்தான கூட்டியாரணும். சம்பந்தக்காரிய நான் வேதத்துல சேருதத ஒண்ணுஞ் சொல்லல. காதப் பாத்தா என்ன சொல்லுவாவளோ.”

“ஆண்டவர் பாத்துக்கிடுவார். அவர நம்பித்தான வாரிய? இதுல மட்டும் நம்ப மாட்டியளா?”

பெரியம்மை பாம்படத்தைக் கையிலிருந்து விட்டுவிட்டு, என்றைக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு யார்தான் என்ன பதில் சொல்ல முடியும்? நம்பவில்லை என்று சொன்னால் ஞானஸ்நானம் எதற்கு என்றாகிவிடும். அம்மா வேண்டுமென்று மடக்கவில்லை. அவள் மனதார நம்பியே சொன்னாள். அதுதான் இன்னும் மோசம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தனக்குப் பிடித்ததை ஆண்டவருக்கும் பிடித்ததாக வைத்துக்கொண்டு, அதை ஓர் ஏழைப் பெண்ணின் விசுவாசத்துக்குப் பரீட்சையாக வைத்துவிட்டாள்.

அப்பா சாப்பிடும்போது, காது ஞானஸ்நானத்துக்கு ஒரு தடை இல்லையே என்று மெதுவாகச் சொன்னார். பெண்கள் காரியம் பெண்களுக்குத்தான் தெரியும் என்றாள் அம்மா. அப்பா மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டார். சபை நடத்துவதில் அவர் சிங்கம், வீட்டில் இப்படித்தான்.

மிஷன் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, காதும் தைக்கிற டிரசர் ஒருவர் இருந்தார். அம்மா பெரியம்மையை அவரிடம் கூட்டிப்போனாள், நானும் போனேன். உள்ளே என்னை விடவில்லை. பெரியம்மை ஒருதரம்கூடக் கத்தவில்லை. வெளியே வந்தபோது இரண்டு காதிலும் கட்டு; புண்ணில் போட்ட மஞ்சள் நிற மருந்துத்தூளின் ஆஸ்பத்திரி வாடை. கையில் ஒரு துணி முடிச்சு வைத்திருந்தாள். அறுத்து எடுத்த தோலைக் கேட்டு வாங்கி முடிந்திருக்கிறாள். அதை எதற்கு, எறிந்துவிடுங்கள் என்று அம்மா சொன்னதற்கு, “எங்க அம்மை வளத்த காதும்மா” என்று மட்டும் சொன்னாள். கொடிக்காலில் ஒரு மேட்டோரமாகப் புதைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

புண் ஆற ரொம்ப நாள் ஆயிற்று. ஆறினபோது காது ஓரத்தில் தையல் தழும்பு புளியங்கொட்டை கனத்துக்குக் கெட்டியாக நின்றது. ஞானஸ்நானத்தன்று அவள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு முன்னால் நின்றதும், குருவானவர் தண்ணீர் விட்டதும் உங்களுக்கும் நினைவிருக்கும். அவள் முகம் அன்றைக்கு அப்படி இருந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கு அது உண்மையான சந்தோஷம். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தெருவில் வருவது அதன்பிறகு சத்தமில்லாமல் இருந்தது. வாசலில் “வெத்தல” என்று குரல் கேட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று தெரியும். எனக்கு அவள் பின்னால் போய் நின்றால் செய்ய ஒன்றுமில்லை. இரண்டு மூன்று நாள் நின்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஆவணிக் கடைசியில் கட்டுச்சோறு. மகளை அவள் கட்டிக்கொடுத்திருந்தது சேரன்மகாதேவியில். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பதால், சோறு கட்டிக்கொண்டு போய் மகளைச் சம்பந்தி வீட்டில் முறையாகக் கேட்டுக் கூட்டிவர வேண்டும். இரண்டு நாளாக அவள் வீட்டில் எள் வறுக்கும் வாசனை. பெருங்காயம் பொரித்த புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு, ஓலைப்பெட்டி நிறைய அதிரசம், முறுக்கு. வாழைக்குலை ஒன்று அப்பா கொடுத்தார். மகளுக்கென்று வைத்திருந்த பாம்படத்தைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள்.

ஒற்றைப் பொம்பளையாகக் கட்டுச்சோறு கொண்டுபோகிற வழக்கம் கிடையாது. அவள் பக்கத்துப் பெண்கள் அறுத்த காதுக்காரியோடு நல்ல காரியத்துக்கு வரமாட்டோம் என்று நின்றுகொண்டார்கள். அம்மா தானே கூட வருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். புறப்படுகிற நாளில் மிசியம்மாள் வருவதாகத் தகவல் வந்துவிட்டது. அம்மா தவித்தது எனக்குத் தெரியும். கடைசியில் வண்டியண்டை போய் நின்று, “ஆண்டவர் கூட வருவார் அக்கா, பயப்படாதிய” என்றாள். பெரியம்மை சரி என்று தலையாட்டி, பெட்டிகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷன்வரை போகும், அங்கிருந்து ரயில்.

மிசியம்மாள் வந்தாள். காது தைத்த பெண் எங்கே என்று கேட்டாள். அம்மா பெருமையாகப் பதில் சொன்னாள். நமக்கெல்லாம் ஆளுக்கொரு படச்சீட்டு கிடைத்தது.

பெரியம்மை திரும்பி வந்த அன்று நாம் எல்லாரும் வாய்க்கால் படித்துறையில் குதித்துக்கொண்டிருந்தோம். வண்டி தெருவில் திரும்பியதைப் பார்த்து, மகள் வந்துவிட்டாள் என்று ஈரத்துணியோடு ஓடினோம். வண்டிக்குள் அவள் மட்டும்தான் இருந்தாள். பெட்டிகள் போனபடியே இருந்தன. அவள் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி ஒவ்வொரு பெட்டியாக இறக்கி வைத்தாள். தயிர்ச்சோறு நுரைத்துவிட்டதால் ஆற்றில் கொட்டிவிட்டாளாம். மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் தின்னட்டும் என்றாள்.

நாம் தின்றோம். அதைத்தான் உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். பெரியம்மையே வாழையிலை கிழித்துப் போட்டுப் பரிமாறினாள். புளிச்சோறு இரண்டு நாள் ஊறி எண்ணெய் பிரிந்து, அப்படி ஒரு ருசி நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. எள்ளுச்சோற்றை உருண்டை பிடித்து வாயில் போட்டுக்கொண்டோம். அதிரசத்துக்குச் சண்டை பிடித்தோம். அவள் எல்லாருக்கும் சிரித்தமுகமாகப் போட்டாள். அம்மா மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு பருக்கையும் தொடவில்லை.

நடந்ததைப் பிறகு அடுப்படியில் அவள் அம்மாவிடம் சொன்னபோது நான் தண்ணீர் குடிக்கப் போனேன். என்னை யாரும் விரட்டவில்லை.

சம்பந்தக்காரி கெட்டவள் இல்லையாம். வாசலில் வரவேற்க வந்தவள், காதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாளாம். அந்தக் காலத்தில் பெண்ணின் காது அறுபட்டிருந்தால் ஒன்று திருடன் கைவைத்திருக்க வேண்டும், இல்லை அவள் நடத்தைக்காகப் புருஷன் வீட்டார் அறுத்திருக்க வேண்டும். மூளிக்காதுக்காரி மாசமாக இருக்கிற பெண்ணின் கண்ணில் படுவதே ஆகாது என்பார்கள். நீங்கள் எந்தச் சாமியையும் கும்பிடுங்கள், பிள்ளை பிறக்கிறவரை இந்த வாசல்படி ஏறாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம்.

“அவுக சொன்னது போவட்டும்மா,” என்றாள் பெரியம்மை. “எம் மவ உள்வாசல்ல வந்து நின்னா. என்னைய ஒரு பார்வ பாத்தா. மொகத்த முந்தியால மூடிக்கிட்டு உள்ள போயிட்டா. பிள்ளத்தாச்சி, பயந்துட்டா.”

பாம்படத்தை என்ன செய்தாள் என்று அம்மா கேட்டாள். நடைவாசலில் வைத்துவிட்டு வந்தாளாம். எடுத்திருப்பார்கள் என்றாள்.

அம்மா அன்றைக்கே சேரன்மகாதேவிக்குப் புறப்பட்டிருக்கலாம். நான்தான் தைக்கச் சொன்னேன், இவள் நடத்தையில் ஒரு குறையும் இல்லை என்று அந்த வாசலில் நின்று சொல்லியிருக்கலாம். ரயில் இருந்தது, அப்பாவும் போகலாம் என்றார். அம்மா போகவில்லை. ஜெபம் பண்ணுவோம் என்றாள். முழங்கால் தழும்பேறும்படி ஜெபம் பண்ணினாள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எழுந்து போக அவளுக்குக் கால் வரவில்லை. வெட்கம். அந்த வீட்டில் போய் என்ன முகத்தோடு நிற்பது என்ற வெட்கம். பெரியம்மைக்கு இல்லாத வெட்கம் அவளுக்கு இருந்தது.

பெரியம்மை இனிமேல் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. அடுத்த ஞாயிறு மணி அடித்தபோது அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து வழக்கமான பாயில் உட்கார்ந்தாள். கைகள் மடியில் அடுக்கடுக்காக எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. வெற்றிலை இல்லாமலே ஜெபத்தை எண்ணுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், மேற்கேயிருந்து வந்த வெற்றிலை வியாபாரி ஒருவர் வாய்வழியாகச் சேதி கொண்டுவந்தார். மகளுக்கு ரொம்பக் கஷ்டமான பிரசவமாம், இரண்டு நாள் போராட்டமாம். பெண்குழந்தை. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு நாளும் அவள் அம்மை, அம்மை என்று கத்தினாளாம். வியாபாரி அதையும் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியம்மை அந்த ஞாயிறு கோயிலுக்கு ஒரு சேவலும் ஒரு கூடை வெற்றிலையும் ஸ்தோத்திரக் காணிக்கையாகக் கொண்டுவந்தாள். இன்னும் கண்ணால் பார்க்காத பேத்திக்காக. ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்த பிறகு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உபதேசியார் பெண்சாதி கோயில் முற்றத்தில் விம்மி விம்மி அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“என்னைய மன்னிச்சிருங்க அக்கா. நான் சொன்னதுனாலதான் இம்புட்டும்.”

 பெரியம்மைக்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. நிஜமாகவே யோசித்தாள்.

“நீங்க சொன்னியன்னா நெனச்சேன்?” என்றாள். “ஆண்டவரு சொல்லுதாருன்னுல்லா நெனச்சேன். நீங்க சொல்லுததுன்னு தெரிஞ்சிருந்தா தைச்சிருக்கவே மாட்டேனே அம்மா.”

பிறகு அம்மாவின் கண்ணைத் தன் முந்தியால் துடைத்துவிட்டு, “அழாதிய. அவரு பாத்துக்கிடுவாரு” என்றாள்.

அம்மா சாகிறவரை அந்த வார்த்தையை இன்னொருவருக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டுக்கு ஆறுதல் தேடி வருகிறவர்களிடம், என்ன செய்ய வேண்டும், நான் கூட வரட்டுமா என்று கேட்பாள். நம் ஊர்ப் பெண்கள் அதன்பிறகு காது தைத்துக்கொண்டார்கள் என்றால், காலம் மாறியதால் தைத்துக்கொண்டார்கள். அம்மா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொங்கும் காதோடு ஒரு பெண் ஞானஸ்நானத்துக்கு வந்தபோது, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதை மூடாதே என்று முந்தியை இறக்கிவிட்டாள். வாத்தியார் பேரனுக்கு நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அதைச் சொல்லட்டும்.

பெரியம்மை பேத்தியைப் பார்த்தாளா என்று கேட்பீர்கள். சம்பந்தக்காரி இறந்த பிறகு மகள் ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்தாள். குழந்தை அதற்குள் நன்றாக வளர்ந்து, யாரிடமும் எளிதில் ஒட்டாத வயதுக்கு வந்திருந்தது. பெரியம்மை அதற்கு வெற்றிலை அடுக்கக் கற்றுக்கொடுத்தாள். அவள் விசுவாசம் கடைசிவரை ஆடவில்லை. அதைப் பார்த்து நாமும் நிமிர்ந்து நடந்தோம், ஏதோ நாம்தான் அதை அவளுக்குக் கொடுத்தோம் என்பதுபோல.

எனக்கு இந்த வயதிலும் அது சுருக்கென்று குத்துகிறது. நான் காதை அறுக்கவில்லை, சொல்லவும் இல்லை, சின்னப் பிள்ளை. நீங்களும் அப்படித்தான். ஆனாலும் வாத்தியார் பேரன் அந்த வரியைச் சொல்லித்தான் தீருவேன் என்றால் நீங்கள் கைதட்டாதீர்கள். பண்டிகை அசனத்தில் இலையில் சோறு விழும்போது ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அவள் மகளுக்குக் கொண்டுபோன சோற்றை முற்றத்தில் உட்கார்ந்து நாம்தான் தின்றோம். நன்றாக இருக்கிறது பெரியம்மை என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் கேட்டோம்.